பேனாவை எடுக்க வைத்தவர்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 34 வயது, முழுநேர வேலை, கதை எழுத ஆசை. எழுதுவதும் கிழித்துப் போடுவதுமாக இரண்டு வருடம் போய்விட்டது. தி. ஜானகிராமனைப் படித்துவிட்டுத் தன் வரிகளைப் பார்த்தால் கூசுகிறதாம். “புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஊக்கம் தரும் எழுத்தாளர்கள் யார்? உங்களுக்குப் பிடித்தவர்களைச் சொல்லுங்கள். ஆனால் அவர்களையே படித்துக்கொண்டிருந்தால் அவர்கள் நடை நமக்கு ஒட்டிக்கொள்ளாதா?” என்று கேட்டிருக்கிறார்.

பிடித்த எழுத்தாளர் என்பது ஒரு கணக்கு, எழுத வைக்கிற எழுத்தாளர் என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் உங்களுக்கு இந்தக் கூச்சம் என்று நினைக்கிறேன்.

எனக்கு மௌனியை ரொம்பப் பிடிக்கும். மொத்தமே இருபத்துச் சொச்சம் கதைகள்தான் எழுதினார். புதுமைப்பித்தன் அவரைச் ‘சிறுகதையின் திருமூலர்’ என்று சொன்னார். ‘அழியாச்சுடர்’ படித்து முடித்தால் கொஞ்ச நேரம் யாரோடும் பேசத் தோன்றாது. எழுதவும் தோன்றாது. லா.ச. ராமாமிர்தமும் எனக்கு அப்படித்தான். அந்த வாக்கியங்களின் சூடு கையில் இருக்கும்வரை நம் சொல் எதுவும் பச்சையாகவே தெரியும். அசோகமித்திரன் விஷயம் வேறு. நாலு பக்கம் போவதற்குள் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். ‘இந்த மாதிரி ஒரு ஆளை எனக்கும் தெரியுமே, அவரைப் பற்றி எழுதலாமே’ என்று தோன்றும். இதை வைத்து மௌனி பெரியவரா அசோகமித்திரன் பெரியவரா என்று யாரும் கணக்குப் போட முடியாது. யார் யாரை எழுத வைக்கிறார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஜானகிராமனைப் படித்துவிட்டு அன்றைக்கே எழுத உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு அவர் அப்படி இல்லை என்றால் அவரை ஆசையோடு படித்துக்கொண்டே இருங்கள். ஆனால் எழுத உட்காருகிற நாளில் அவரைக் கையில் எடுக்க வேண்டாம்.

ஒரு எழுத்தாளர் இன்னொருவருக்குத் தருவது என்ன? இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பதில் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் சொன்னதுதான். கொலம்பியாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவப் பருவத்தில் காஃப்காவின் ‘உருமாற்றம்’ அவர் கைக்கு வருகிறது. காலையில் கண் விழிக்கும் ஒருவன் தான் பெரிய பூச்சியாக மாறியிருப்பதைப் பார்க்கிறான் என்பது முதல் வரி. அதைப் படித்ததும் கட்டிலிலிருந்து விழாத குறைதான் என்கிறார். இப்படியெல்லாம் எழுத அனுமதி உண்டு என்பதே தனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் முன்பே எழுத ஆரம்பித்திருப்பேன் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். உடனே கதை எழுத உட்கார்ந்தார். அவருடைய முதல் கதை 1947-இல் அச்சில் வந்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. காஃப்காவில் அவருக்குக் கேட்டது தன் பாட்டியின் குரல். நடக்கவே முடியாத சங்கதிகளை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், இன்றைக்கு நடந்ததைச் சொல்வது போலச் சொல்கிற பாட்டி. அந்தக் குரல் அவரிடம் சின்ன வயதிலிருந்தே இருந்தது. அதைக் காகிதத்தில் வைக்கலாம் என்று சொல்ல எங்கோ பிராகா நகரத்தில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் வேண்டியிருந்தது.

அப்புறம் பல வருடம் கழித்து மார்க்வெஸுக்கே எழுத்து நின்றுபோனது. சில புத்தகங்கள் எழுதிவிட்டார், அடுத்து எப்படிப் போவது என்று தெரியவில்லை. அப்போது மெக்சிகோவில் நண்பர் ஆல்வாரோ மூத்திஸ் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்து, படித்துக் கற்றுக்கொள் என்கிறார். ஹுவான் ருல்ஃபோவின் ‘பெட்ரோ பராமோ’. அன்றிரவே இரண்டு முறை படித்து முடித்துவிட்டுத்தான் மார்க்வெஸ் தூங்கினார். பின்னாளில் அந்த நாவலைக் கிட்டத்தட்ட முழுதும் மனப்பாடமாகச் சொல்ல முடிந்தது என்கிறார். ருல்ஃபோ டயர் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். 1953-இல் ஒரு சிறுகதைத் தொகுப்பு, 1955-இல் இந்த நாவல், அவ்வளவுதான் அவருடைய பேர் சொல்லும் நூல்கள். அந்த இரண்டு வாசிப்புக்குப் பின்னால் 1967-இல் ‘நூறாண்டுகாலத் தனிமை’ வந்தது. அது காஃப்கா மாதிரியும் இல்லை, ருல்ஃபோ மாதிரியும் இல்லை. ஒரு புத்தகத்தை மனப்பாடம் ஆகும் அளவு படித்த ஒருவருக்கே அதன் நடை ஒட்டவில்லை என்பதை உங்கள் பயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதனால் ‘யார் சிறந்த எழுத்தாளர்’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, எனக்கு எந்த அனுமதி கிடைக்காமல் நிற்கிறேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எழுத வருகிறவர்களின் முதல் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்வது பல வருடமாக என் வேலையில் ஒரு பகுதி. நிற்கிற இடம் ஆளுக்கு ஆள் வேறு என்பது அந்தப் பிரதிகளில் நன்றாகத் தெரியும்.

சிலர் தங்கள் வீட்டுப் பேச்சு இலக்கியத்துக்கு லாயக்கில்லை என்று நம்பிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுடைய கதையில் பாட்டியும் பேரனும்கூடப் பாடப்புத்தகத் தமிழில் பேசுவார்கள். அவர்களுக்குக் கி. ராஜநாராயணனைக் கொடுப்பேன். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத விவசாயி. முதல் கதையான ‘மாயமான்’ சரஸ்வதி இதழில் வந்தபோது வயது முப்பத்தைந்தை ஒட்டி. தன் கரிசல் மக்கள் பேசுகிற பேச்சைத் தயக்கமில்லாமல் கதை சொல்கிற மொழியாகவே ஆக்கினார். அதோடு நிற்காமல் அந்த வட்டாரத்துச் சொற்களைத் திரட்டி ஒரு சொல்லகராதியும் போட்டார். தன் சொற்களுக்குத் தானே அகராதி போடுகிற அந்தத் தைரியத்தைப் பார்த்தாலே பாதித் தயக்கம் போய்விடும். அவருடைய ‘கதவு’ கதையில் ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக் கதவில் ஏறி வண்டி விளையாட்டு விளையாடுகிறார்கள். வரி பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதையின் கடைசியில் அந்தப் பிள்ளைகள் கரையான் ஏறிக் கிடக்கும் கதவைக் கண்டுபிடித்துக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். இவ்வளவுதான் கதை. வறுமை என்ற தலைப்பில் எழுதுகிற எந்தக் கட்டுரையும் அந்தக் கட்டிப்பிடித்தலுக்குப் பக்கத்தில் வராது.

பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தபோது தந்த அனுமதி இன்னும் பெரியது. கன்னியர் மடத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவர், தன் சாதியால் பட்டதையும் தன் ஆட்களின் சிரிப்பையும் சண்டையையும் அந்த ஆட்களின் பேச்சிலேயே எழுதினார். கருக்கு என்றால் பனைமட்டையின் இரண்டு பக்கமும் இருக்கிற ரம்பப் பல். தொட்டால் அறுக்கும். அச்சில் ஏற்ற முடியாத பேச்சு என்று அதுவரை ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது அந்தப் புத்தகத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நிற்கிறது. அதைப் படித்துவிட்டுத் தன் கதையை எழுதலாம் என்று துணிந்தவர்கள் பலர்.

வேறு சிலர், ‘என் வாழ்க்கையில் ஒன்றுமே நடக்கவில்லை, எதை எழுதுவது’ என்பார்கள். இவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ராஜம் கிருஷ்ணன் வழி. சின்ன வயதிலேயே கல்யாணமாகிக் குடும்பத்துக்குள் இருந்தபடி எழுத ஆரம்பித்தவர். தனக்குத் தெரியாத வாழ்க்கை என்றால் அங்கேயே போய்ப் பார்த்து, அந்த மக்களோடு பேசி, அப்புறம் எழுதுவார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’, நீலகிரி படகர்களைப் பற்றிய ‘குறிஞ்சித் தேன்’ எல்லாம் அப்படி வந்தவை. ஒரு தொழிலின் வேலைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எழுத்தின் பாதி வேலை என்பதை அவரிடம்தான் நான் புரிந்துகொண்டேன். உப்பு எடுக்கும் கைக்கு என்ன ஆகும் என்று தெரிந்த பிறகு அந்தக் கையைப் பற்றி அடைமொழி தேட வேண்டியதே இல்லை.

இன்னொரு வழி அசோகமித்திரன். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் உங்களைப் போல வேலைக்குப் போய்க்கொண்டு எழுதுகிறவர்களுக்கு இவரைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

பத்து வருடத்துக்கு மேல் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். ‘புலிக்கலைஞன்’ கதை அந்த மாதிரி ஒரு ஸ்டூடியோ அலுவலகத்தில் நடக்கிறது. தொடக்கத்தில் வேலை அதிகமில்லாத ஒரு மந்தமான அலுவலகப் பொழுதுதான். ஒரு ஆள் வருகிறார், சினிமாவில் ஏதாவது வாய்ப்பு வேண்டும் என்கிறார். ‘டகர் பாயிட்’ செய்வேன் என்கிறார். அது ‘டைகர் ஃபைட்’ என்று புரியவே நேரமாகிறது. இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பப் பார்க்கிறார்கள். அவர் விடுவதாக இல்லை. செய்து காட்டுகிறேன் என்று புலித்தலையை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அடுத்த கணம் அந்த அறையில் ஒரு புலி இருக்கிறது. அது உறுமுகிறது, பதுங்குகிறது, தாவுகிறது. உட்கார்ந்திருந்தவர்கள் திகைத்துப் போகிறார்கள். முடிந்ததும் தலையைக் கழற்றினால் பழையபடி அந்த வறிய மனிதர். அழுகிறார். பிறகு ஒரு படத்தில் அவருக்கு ஒரு வாய்ப்பைச் சேர்க்க முயற்சி செய்கிறார்கள். அவருக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிடுகிறது.

இந்தக் கதையை முதல் முறை படிக்கும்போது புலியைத்தான் பார்ப்போம். இரண்டாம் முறை படிக்கும்போது புலிக்கு முன்னால் இருக்கும் பக்கங்களைப் பாருங்கள். ஏன் இவ்வளவு சாதாரணமான பேச்சு? ஏன் அந்த உச்சரிப்புக் குழப்பம்? அறையின் மந்தம் எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு உயரம் அந்தத் தாவலுக்குக் கிடைக்கிறது. ‘மகத்தான கலைஞன்’, ‘ஐயோ பாவம்’ என்று எழுத்தாளர் எங்கும் நம் தோளைத் தட்டவில்லை. கதை சொல்பவர் தன் நாற்காலியிலிருந்து பார்க்க முடிந்ததை மட்டும் சொல்கிறார். முதல் பிரதிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதற்கு நேர் எதிரானது. ஒரு பக்கத்துக்கு வானமும் மேகமும் வரும், அதற்குப் பிறகு ஒருவர் சோகமாக உட்கார்ந்திருப்பார், அவர் சோகமாக இருக்கிறார் என்று மூன்று முறை சொல்லப்பட்டிருக்கும். அந்த எழுத்தாளரிடம் ‘புலிக்கலைஞ’னை இரண்டு முறை படிக்கச் சொன்னால் போதும். அடுத்த பிரதியில் மேகம் தானாகக் கலைந்திருக்கும்.

மூன்றாவது ரகம், ‘எனக்கு ஒரு நடை கிடைக்கவில்லை’ என்று காத்திருப்பவர்கள். அவர்கள் புதுமைப்பித்தனிடம் போக வேண்டும். பதினைந்து வருடத்துக்குள் நூறை ஒட்டிய கதைகள், பத்திரிகை வேலை, 42 வயதில் மரணம். அத்தனை குறுகிய காலத்தில் ஒரு கதையின் குரலை இன்னொரு கதையில் அவர் வைத்துக்கொள்ளவில்லை. சென்னைக்கு வந்த கடவுளைத் தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராகச் சேர்க்கப் பார்க்கிறவரின் கதையான ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்பதும், சாகப்போகும் மனைவியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிற துணிக்கடைச் சிப்பந்தியின் கதையான ‘செல்லம்மாள்’-உம் ஒரே கையிலிருந்து வந்தவை. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒவ்வொரு கதைக்கும் அதற்குத் தேவையான நடையை அவர் தேடியிருப்பது தெரியும்.

தமிழே தாமதமாக வந்தவர்களும் இருக்கிறார்கள். வேறு மொழியில் படித்தோம், இலக்கணம் தடுமாறுகிறது என்று ஒதுங்கி நிற்பவர்கள். சுந்தர ராமசாமி பள்ளியில் மலையாளம் படித்தவர். தமிழ் எழுதப் படிக்கக் கற்றது பதினெட்டு வயதை ஒட்டித்தான். தோப்பில் முகமது மீரானும் மலையாள வழியில் படித்தவர். ‘ஒரு புளியமரத்தின் கதை’, ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ என்ற இரண்டு நாவல்களும் அப்படிப்பட்டவர்கள் தமிழுக்குத் தந்தவை. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

பயத்தால் நிற்பவர்களுக்குப் பெருமாள்முருகன். 2015 ஜனவரியில், தன் நாவலுக்கு எழுந்த எதிர்ப்பின் நடுவே, தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்து எழுத்தை நிறுத்தினார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. திரும்பி வந்தபோது கையில் கவிதைகள் இருந்தன. ‘கோழையின் பாடல்கள்’ என்று பெயர் வைத்தார். அப்புறம் ‘பூனாச்சி’, ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதர்களைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பற்றி எழுதினார். அந்த நாவலில் அரசாங்கமும் அதிகாரமும் பஞ்சமும் பிரசவமும் எல்லாமே இருக்கிறது. பயம் போன பிறகு எழுதலாம் என்று காத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் இதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் பயத்தை வைத்துக்கொண்டே எழுதினார், அந்தப் பயமே கதைக்கு உருவம் கொடுத்தது.

சரி, யார் என்பதைச் சொல்லியாயிற்று. எப்படிப் படிப்பது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கையால் படியெடுத்துப் பாருங்கள். ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘துயரம்’ கதையைத் தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து ஒரு நோட்டில் முழுதும் எழுதிப் பார்த்தேன். முன்பு நாலைந்து தடவை படித்த கதைதான். பனி கொட்டும் மாலையில் அயோனா என்ற குதிரைவண்டிக்காரர் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கிறார். அவர் மகன் அந்த வாரம்தான் செத்திருக்கிறான். யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டும். வண்டியில் ஏறிய ராணுவ அதிகாரியிடம் சொல்லப் பார்க்கிறார். எதனால் செத்தான் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். அடுத்து மூன்று இளைஞர்கள், எல்லோரும் ஒரு நாள் சாகத்தானே போகிறோம் என்கிறார்கள். அடுத்து ஒரு வீட்டுக் காவலாள், வண்டியை இங்கே நிறுத்தாதே, போ என்கிறார். கடைசியில் தங்குமிடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்த ஒரு இளம் வண்டிக்காரன். அயோனா பேசிக்கொண்டிருக்கும்போதே போர்வையை இழுத்து மூடித் தூங்கிவிடுகிறான். அப்புறம்தான் லாயத்துக்குப் போகிறார். உனக்கு ஒரு குட்டி இருந்து அது செத்துப்போனால் உனக்கு வருத்தமாக இருக்கும்தானே என்று தன் குதிரையிடம் கேட்கிறார். குதிரை மென்றுகொண்டே கேட்கிறது, அவர் கைமேல் மூச்சு விடுகிறது.

கண்ணால் படித்தபோது தெரியாத ஒன்று கையால் எழுதும்போது தெரிந்தது. அயோனாவின் துயரம் எவ்வளவு பெரியது என்று ஆசிரியர் வாய் திறந்து பெரிதாகச் சொல்வது ஒரே இடத்தில்தான். அந்த இளைஞர்கள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போன உடனே. அவர் நெஞ்சு வெடித்துத் துயரம் வெளியே வழிந்தால் உலகத்தையே நிறைத்துவிடும் என்கிற மாதிரி ஒரு இடம். அதற்கு முன்னாலும் பின்னாலும் பனி, சவுக்கு, கூலிப் பேரம், குதிரைக்கு ஓட்ஸ் வாங்கக்கூட அன்றைக்குச் சம்பாதிக்காத கவலை. எழுதிக்கொண்டே வந்த என் கை அந்த இடத்தில் தானாக வேகம் குறைந்தது. நாலு முறை மறுக்கப்படுவதில் எந்த இரண்டும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். இதை எழுதியபோது செகாவுக்கு வயது 26. மருத்துவம் பார்த்துக்கொண்டு, பத்திரிகைகளுக்கு இத்தனை வரிக்குள் என்ற கட்டுப்பாட்டில் சின்னச் சின்னத் துணுக்குகள் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர். அதே வருடம் மூத்த எழுத்தாளரான கிரிகோரோவிச் கடிதம் எழுதி, உன்னிடம் இருக்கும் திறமையை மதித்து எழுது என்றார். அந்தக் கடிதம் செகாவை ஆட்டிவிட்டது. செகாவுக்கே ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு வழி மொழிபெயர்ப்பது. வேறு ஏதாவது மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும், பிடித்த கதையில் ஒரே ஒரு பக்கம். வெளியிட வேண்டியதில்லை. தமிழில் சாதித்தவர்களில் பலருக்கும் இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. புதுமைப்பித்தன் ஏராளமான உலகச் சிறுகதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். க.நா. சுப்ரமண்யம் ‘மதகுரு’, ‘அன்பு வழி’ என்ற சுவீடிய நாவல்களைத் தந்தார். சுந்தர ராமசாமி தகழியின் ‘செம்மீன்’-ஐ மொழிபெயர்த்தார். இன்னொருவரின் வாக்கியத்தைப் பிரித்துத் தமிழில் திரும்பக் கட்டும்போது, வினைச்சொல்லை எங்கே வைப்பது, எங்கே வாக்கியத்தை முடித்துவிடுவது என்று நூறு முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கும். நம் சொந்தக் கதையில் இந்த முடிவுகளை யோசிக்காமலே எடுத்துவிடுகிறோம்.

நடை ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டீர்கள். ஒட்டும். எனக்கு லா.ச.ரா. ஒரு வருடம் ஒட்டியிருந்தார். எல்லாக் கதையிலும் விளக்குச் சுடர் நடுங்கியது, எல்லா அம்மாக்களும் அம்பாளாகத் தெரிந்தார்கள். கதைகளைப் படித்துப் பார்த்த நண்பர், மூன்றாவது கதையில் அந்தச் சுடரின் கீழ்க் கோடு போட்டு, இது உன் வீட்டு விளக்கா என்று மட்டும் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது கண்ணைக் கூசவைக்கும் டியூப்லைட், போட்டதும் மூன்று தடவை மினுக்கிவிட்டு எரியும். அந்த மினுக்கலை எழுதியபோதுதான் முதல் முறையாக என் கதையில் என் வீடு வந்தது. ஆனாலும் அந்த ஒரு வருடம் வீண் என்று நான் நினைக்கவில்லை. ஒரு சொல்லின் ஓசையைக் காதுகொடுத்துக் கேட்க அப்போதுதான் பழகினேன். ஒட்டுவதைத் தடுக்க ஒரே எழுத்தாளரோடு நின்றுவிடாமல் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பேரைப் படியுங்கள், அதுவும் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்களாக. ஜானகிராமனும் அசோகமித்திரனும் அம்பையும் ஒரே மாதத்தில் மேஜைமேல் இருந்தால் யாரும் தனியாக உங்கள்மேல் உட்கார முடியாது.

கடைசியாக அந்தக் கூச்சம். நீங்கள் ஒப்பிடுவது உங்கள் முதல் பிரதியையும் ஜானகிராமனின் அச்சான பக்கத்தையும். ஹெமிங்வே ‘போரே நீ போ’ நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாகப் பேட்டியில் சொன்னார். என்ன பிரச்சினை என்று கேட்டதற்கு, சொற்களைச் சரியாக வைப்பதுதான் என்றார். 2012-இல் வந்த பதிப்பில் அந்த மாற்று முடிவுகளையே பின்னிணைப்பாக அச்சிட்டார்கள், மொத்தம் 47 தேறியது. அவற்றில் பல சுமாரானவை. ‘போரும் அமைதியும்’ நாவலின் பிரதிகளை டால்ஸ்டாய் அடித்துத் திருத்தத் திருத்த, மனைவி சோஃபியா மறுபடி மறுபடி கையால் படியெடுத்துக் கொடுத்தார். ரேமண்ட் கார்வர் விஷயம் இன்னும் யோசிக்க வைக்கிறது. சொற்சிக்கனத்துக்குப் பேர்போன அவருடைய ஒரு தொகுப்பை, பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் பாதிக்கும் மேல் வெட்டித்தான் அச்சுக்கு அனுப்பினார். வெட்டாத மூலப் பிரதி 2009-இல் தனி நூலாக வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாம் மலைத்துப்போய் நின்ற அந்த மௌனங்களில் சில இன்னொருவரின் பேனா போட்டவை என்று தெரிகிறது. அச்சான பக்கத்துக்குப் பின்னால் எத்தனை நாள், எத்தனை அடித்தல், எத்தனை கை இருந்தது என்பது நமக்குத் தெரியாது. அதனால் உங்கள் பிரதியைக் கிழிக்காதீர்கள். ஆறு மாதம் ஒரு கவருக்குள் போட்டு வையுங்கள். திரும்ப எடுக்கும்போது அதில் ஒரு பத்தி தேறும், பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்க்காத பத்தியாக இருக்கும்.

34 வயதைத் தாமதம் என்று நினைக்கிற தொனி உங்கள் கேள்வியில் இருக்கிறது. கி.ரா.வின் முதல் கதை வயதை மேலே சொன்னேன். ஆலிஸ் மன்ரோவின் முதல் தொகுப்பு 1968-இல் வந்தபோது அவருக்கு 37. குழந்தைகள் தூங்குகிற நேரத்தில் எழுதியவர். நாவலுக்கு வேண்டிய நீண்ட பொழுது கிடைக்காததால் சிறுகதையிலேயே நின்று, 2013-இல் அந்தச் சிறுகதைகளுக்காகவே நோபல் வாங்கினார். டோனி மாரிசன் பதிப்பகத்தில் ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு பையன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, அவர்கள் எழுந்திருக்கும் முன் விடியற்காலையில் எழுதினார். முதல் நாவல் 1970-இல், 39 வயதில். நாம் படிக்க ஆசைப்படும் புத்தகம் இன்னும் எழுதப்படவில்லை என்றால் அதை நாம்தான் எழுத வேண்டும் என்று அவர் சொன்னது வெறும் மேடைப் பேச்சு இல்லை, அந்த விடியற்காலைகளில் அவர் செய்ததே அதுதான்.

எங்கே ஆரம்பிப்பது என்றால் இப்படிச் செய்யுங்கள். இந்த வாரம் ‘துயரம்’, அடுத்த வாரம் ‘புலிக்கலைஞன்’, அப்புறம் ‘செல்லம்மாள்’, ‘கதவு’. ஒவ்வொன்றையும் இரண்டு முறை, இரண்டாம் முறை பென்சிலோடு. படித்துக்கொண்டிருக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர், எப்போதோ நடந்த ஏதோ ஒன்று ஞாபகம் வந்தால், கதையை முடித்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். புத்தகத்தை அந்தப் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள். மிச்சக் கதையை நாளைக்குப் படித்துக்கொள்ளலாம்.